முகத்தில் மட்டும் வேண்டாம்

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி உண்டு. ஒற்றைக் குழல், பன்னிரண்டு ‘போர்’ ரகம். பயிர்ப் பாதுகாப்புக்கென்று பெரியப்பா பெயரில் லைசென்ஸ் வாங்கியது. அவருக்குப் பின் என் பெயருக்கு மாறியது. வெண்ணந்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடுகிறவனுக்குப் பன்றித் தொல்லை எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த உயிரையும் அது சுட்டதில்லை. பன்றி வந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். ஓய்ந்த நேரத்தில் புளியமரத்தில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தொங்கவிட்டுக் குறி பழகியிருக்கிறேன். தேர்தல் அறிவித்தால் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண் மாதிரி மாதக் கணக்கில் அங்கே இருந்துவிட்டுத் திரும்பி வரும்.

இந்த அனுபவத்தை நம்பித்தான் என் தம்பி ஒருநாள் காலையில் கனடாவிலிருந்து கூப்பிட்டு, “ஏனுங்கண்ணா, பெரிய கரடி சுடறதுக்கு எந்த ரைபிள் வாங்கலாமுங்?” என்று கேட்டான். நான் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தேன். கையை உதறிவிட்டுப் போனை நன்றாகப் பிடித்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் கரடி என்ற சொல்லை யாரும் அவ்வளவு சுலபமாக வாயில் எடுப்பதில்லை.

தம்பி திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி ஊர் ஊராக ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட்டவன். ஒடிசா, சத்தீஸ்கர் என்று சுற்றி, ஆப்பிரிக்கா போய், இப்போது கனடாவின் வடமேற்கு மூலையில் மண்ணுக்கடியில் கனிமம் தேடித் துளை போடும் வேலையில் இருக்கிறான். நாம் தண்ணீர் வருமா என்று பார்ப்பதைப்போல அவன் தங்கம் வருமா என்று பார்க்கிறான். அந்தக் காட்டில் நம்மூர்க் கரடியைப்போல நாலு மடங்கு எடையுள்ள பழுப்புக் கரடிகள் நடமாடுகின்றனவாம். நம் ஊரில் கரடியைச் சுட்டால் ஜெயில்தான். அங்கே இந்தப் பருவத்தில், இந்த இடத்தில், குட்டியோடு இருப்பதைத் தொடக்கூடாது என்று ஆயிரம் சட்டம் சொல்லி, குடியிருப்பவர்களுக்கு அரசாங்கமே அனுமதிச் சீட்டுக் கொடுக்கிறது. அவன் வேலை செய்யும் இடத்தில் எல்லாரும் வேட்டைக்குப் போகிறவர்கள். “நானும் ஒருக்கா போலாம்னுதானுங்” என்றான். அவன் போக நினைப்பது எல்லாரும் போவதற்காக இல்லை என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் அப்பாவுக்கு இடது கண் கிடையாது. இடது கன்னமும் மூக்கில் பாதியும்கூட இல்லை என்றே சொல்லலாம். தம்பி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், காணாமல்போன எருமைக் கன்றைத் தேடிக்கொண்டு விடியற்காலையில் அடிவாரத்துப் புதருக்குள் போனார். அங்கே ஒரு கரடி, முதுகில் குட்டியோடு. கரடி எப்போதும் முகத்தைத்தான் அடிக்கும் என்பார்கள். சேலம் பெரியாஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்து பிழைத்து வந்தார். வீட்டுக்கு வந்தபின் முதல்முறையாக முகத்துக் கட்டு முழுவதையும் பிரித்தபோது நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றோம். தம்பி ஒரு கணம் பார்த்தான். பிறகு கத்திக்கொண்டே ஓடிவிட்டான். அவனைச் சோளக்காட்டுக்குள்ளிருந்து இழுத்துவர எனக்குச் சாயங்காலம் ஆயிற்று.

அதன்பின் வெகுகாலம் அவன் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடவில்லை. அப்பாவும் அவனைக் கூப்பிடவில்லை. அப்புறம் ஹாஸ்டல், ரிக் வண்டி, கடல் தாண்டிய வேலை. பேச்சுவார்த்தைக்குக் குறைவில்லை, என்னைப்போலவே அவனையும் “சாமி” என்று செல்லமாகத்தான் அப்பா கூப்பிடுவார், பணமும் மருந்தும் அவன் தவறாமல் அனுப்புவான். ஆனால் அந்த நாளைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வீடியோ கால் வந்தபிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. அவன் கனடா போன புதிதில், நான் ஆசையாகப் போனை அப்பா முகத்துக்கு நேரே பிடித்தேன். திரையில் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். அப்பா குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. போனை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து வீடியோ என்றால் வரமாட்டார். குரல் மட்டும்தான். ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தம்பி போனில் கேட்டுப் பார்ப்பான். “கண்ணு கூசுது சாமி, நீ பேசு, கேக்கறேன்” என்று சொல்லிவிடுவார்.

ஒருமுறை தம்பி என்னிடம் சொன்னான். “என்னப் பாத்ததும் எந்திரிச்சுப் போயிட்டாருங்கண்ணா. அன்னிக்கு நான் ஓடுனதுக்கு இன்னிக்கு அவரு ஓடறாரு.” அப்படியெல்லாம் இருக்காது என்று சொல்லி வைத்தேன். எனக்கும் அதற்கு மேல் தெரியவில்லை.

ஆகவே அவன் கரடி சுட ரைபிள் கேட்டபோது, அது எந்தக் கரடிக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போகாதே என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கேட்காமல் போவான், மட்டமான துப்பாக்கியோடு போவான். அதைவிட நல்ல துப்பாக்கியோடு போகட்டும் என்று நினைத்தேன்.

அவனுக்கு அங்கே வேட்டைக்குத் துணை, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெரியவர். அவரிடமிருந்து வாங்கியும் கடையில் இரவலாகவும் மூன்று ரைபிள்களைச் சுட்டுப் பார்த்தான். தோட்டாவின் கணக்குத்தான் ரைபிளுக்குப் பெயர். முதலாவது முப்பது நாட் ஆறு. கைக்கு அடக்கம், குறி தப்புவதில்லை. கனமான தோட்டா போட்டால் கரடிக்கும் போதும், ஆனால் புதருக்குள் நெருக்கத்தில் வந்துவிட்டால் இன்னும் கொஞ்சம் பலம் இருந்தால் தேவலை என்றாராம் பெரியவர். இரண்டாவது முந்நூற்று முப்பத்தெட்டு மேக்னம். பலம் உண்டு. ஆனால் சுள்ளென்று உதைக்கிறது, விசையை அழுத்துவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொள்கிறேன் என்றான் தம்பி. மூன்றாவது முந்நூற்று எழுபத்தைந்து. அதன் தோட்டா என் சுண்டுவிரலைவிடத் தடிமன். அதுவும் உதைக்கிறது, ஆனால் அடிக்கிற மாதிரி இல்லாமல் தோளைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி இருக்கிறதாம்.

“கண்ண மூடாம எதச் சுடற?” என்று கேட்டேன்.

“மொதலாவதும் கடைசியுமுங்.”

“அப்ப கடைசியத் தூக்கு. நடுவுல இருக்கறது பகவானே குடுத்தாலும் வேணாம்.” சுரைக்குடுக்கை சுட்ட எனக்கே தெரியும், கண்ணை மூடுகிறவன் எவ்வளவு பெரிய தோட்டா வைத்திருந்தாலும் மரத்தைத்தான் சுடுவான்.

அடுத்தது குறி பார்க்கும் கருவி. என் துப்பாக்கியில் குழல் முனையில் ஒரு பித்தளை மணி இருக்கிறது, அதுதான் எல்லாம். அங்கே கடைக்காரன் தம்பியின் தலையில் ஒரு நீளமான ஸ்கோப்பைக் கட்டப் பார்த்தான். எதிர்மலையில் ஊரும் எறும்பின் மீசை தெரியுமாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்பாவ அடிச்ச கரடி எதிர்மலைலயா நின்னுது? கைக்கெட்டற தூரத்துல நின்னுது. அந்தத் தூரத்துல உன்ற ஸ்கோப்புல பாத்தா வெறும் மயிருதான் தெரியும். தலையா வாலான்னு எப்படிக் கண்டுபிடிப்ப?” என்று கத்தினேன். பெரியவரும் அதையேதான் சொன்னார் என்று பிறகு மெல்லச் சொன்னான். ஒரு மடங்கிலிருந்து நாலு மடங்குவரை பெரிதாக்கிக் காட்டுகிற சின்ன ஸ்கோப் போதும், அதைக் கையாலேயே கழற்றிவிடும்படி மாட்ட வேண்டும், மழையிலோ பனியிலோ கண்ணாடி மங்கிப்போனால் கீழே சாதாரண இரும்புக் குறி இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. மாமன் மச்சான் கூடிப் பெண் பார்ப்பதற்குக்கூட எங்கள் வீட்டில் இவ்வளவு விசாரித்ததில்லை.

இதெல்லாம் காலை நேரத்தில் தொழுவத்தில் நின்று நான் உரக்கப் பேசிய பேச்சு. அங்கே அவனுக்கு அப்போதுதான் சாயங்காலம். வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒருநாள் நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தபோது, “எங்க குறி வெப்பான்?” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறைத்துப் பயனில்லை. பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலை ஒட்டிப் பின்னால், உடம்பின் நடுவுக்குச் சற்றுக் கீழே. அங்கேதான் இதயமும் நுரையீரலும் இருக்கும். எதிரே நின்றால் மார்பு. பாய்ந்து வந்தால் வேறு வழியில்லை, முகத்தில்தான் சுட வேண்டும் என்று விளக்கினேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “கொலசாமிகிட்டப் பூக் கேளு” என்றார்.

போர் போடுவதானாலும் பெண் எடுப்பதானாலும் எங்களுக்குக் குலசாமியிடம் பூக் கேட்காமல் எதுவும் நடக்காது. சாமி மேல் இரண்டு பக்கமும் பூவைச் சாத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். வலது பக்கத்துப் பூ விழுந்தால் உத்தரவு. இடது விழுந்தால் விட்டுவிட வேண்டியதுதான். அடுத்த திங்கட்கிழமை நானும் அப்பாவும் கோயிலுக்குப் போனோம். கனடாவில் தம்பியும் போனில் காத்திருந்தான். பூசாரி பூவை வைத்தார். இடதுபக்கம் விழட்டும் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், சாமியை மிரட்டினேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பூசாரி வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு இன்னொரு தடவை சூடம் காட்டினார். வலதுபக்கத்துச் செவ்வரளி நழுவி விழுந்தது.

அப்பா முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. என் கையிலிருந்த போனுக்குப் பக்கத்தில் வாயை மட்டும் கொண்டுவந்தார்.

“சாமி உத்தரவு குடுத்துட்டுது. நான் தடுக்கல. ஆனா ஒண்ணு. மூஞ்சில மட்டும் வேண்டாம்.”

“செரீங்கப்பா.”

“சத்தியம் பண்ணு.”

“சத்தியமா மூஞ்சில சுட மாட்டனுங்கப்பா.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கோயில் என்றும் பார்க்காமல் கத்தினேன். கரடி என்ன போட்டோவுக்கு நிற்கிற மாப்பிள்ளையா, நாம் சொன்ன பக்கம் திரும்பி நிற்க? மேலே பாய்ந்தால் இவன் என்ன செய்வான்? இந்தச் சத்தியத்தை வைத்துக்கொண்டு காட்டுக்குள் போவதற்குத் துப்பாக்கி எதற்கு, ஸ்கோப் எதற்கு? அப்பாதான் பதில் சொன்னார். “கரடி மேல எனக்கென்ன கோவம் சாமி? குட்டிய முதுகுல வெச்சிருந்துச்சு. பயந்து போயி அடிச்சுப் போட்டுது. ஆனா மூஞ்சிய விட்டுட்டுக் கொன்னிருக்கலாம்.”

அதுவரை அவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. பூசாரி திருநீற்றுத் தட்டோடு அப்படியே நின்றார். வண்டியில் திரும்பி வரும்போது நான் வழியெல்லாம் அழுதேன். ஹெல்மெட் போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ரைபிள் வாங்கி ஸ்கோப் மாட்டி, பயிற்சி ஆரம்பித்தான். முதல் நாளே அடிபட்டுக்கொண்டான். ஊரில் என் துப்பாக்கியைப் பிடித்துப் பழகிய பழக்கத்தில் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் முன்னுக்குத் தள்ளி ஒட்டிக்கொண்டு, கண்ணை ஸ்கோப்புக்கு மிக அருகில் வைத்திருக்கிறான். எங்கள் ஊர்க்காரன்தான் அப்படிப் பிடிப்பான். பித்தளை மணிக்கு அது சரி. பெரிய ரைபிள் உதைத்ததும் ஸ்கோப்பின் விளிம்பு வந்து புருவத்தில் அரைவட்டமாக வெட்டிவிட்டது. வீடியோவில் கட்டோடு சிரித்துக்கொண்டு காட்டினான். “கண்ணு தப்புச்சுங்கண்ணா” என்றான்.

கண்ணு என்ற சொல் மட்டும்தான் வாசலுக்குக் கேட்டிருக்க வேண்டும். எண்பதை நெருங்கிய மனிதர் கட்டிலைவிட்டுப் பாய்ந்து வந்தார். “எந்தக் கண்ணு? சொல்லு, எந்தக் கண்ணு?” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். போனைப் பறிக்கக் கை நீட்டினார். திரையில் பார்வை பட்டதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். “கண்ணுக்கு ஒண்ணுமில்லீங்கப்பா, புருவந்தான்” என்று தம்பி மறுபடி மறுபடி சொன்னான். போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, அதை மட்டும் விரலால் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார் அப்பா.

தம்பி அதைக் கவனித்துவிட்டான். “போட்டோன்னாப் பாக்கறாரு. வீடியோவுல நான் வந்தாத்தான் ஆவ மாட்டீங்குது” என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்கு அது தாங்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் அவன் வேட்டைக்குப் புறப்பட்டான். அங்கே பனி விழ ஆரம்பித்திருந்தது. போனில் சிக்னல் எடுக்காத காடு. வெளியே வந்ததும் கூப்பிடுகிறேன் என்றான். அந்த நாட்களில் கிழங்கு பிடுங்கும் வேலை நின்றுவிட்டது, கிழங்கு வாங்கி ஜவ்வரிசி செய்யும் ஆத்தூர் சேகோ ஃபேக்டரிக்காரர் கூப்பிட்டால்கூட நான் தம்பியோ என்று ஓடினேன். அப்பா தம்பியைப் பற்றி வாய்விட்டுக் கேட்கவில்லை. சலூனுக்குப் போய் முகம் மழித்துக்கொண்டு வந்தார். சலூனில் எப்போதும் நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போடச் சொல்லி, கண்ணாடிக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார். போகிற வருகிறவர்களோடு பேச வசதி என்பார். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு காலையில் போன் வந்தது. நல்லவேளை, குரல் அவனுடையது. நான் ஸ்பீக்கரைப் போட்டு அப்பா பக்கத்தில் கட்டிலில் வைத்தேன்.

ஆற்றங்கரையில் இடுப்பளவு புதருக்குள் காத்திருந்தார்களாம். எதிர்பார்த்த பக்கம் வராமல், வெகு அருகில் புதர் விலகி ஒரு பெரிய ஆண் கரடி எழுந்து நின்றது. அவனைத்தான் பார்த்து நின்றது. ஸ்கோப் ஒரு மடங்கில் இருந்தது. அப்படியும் முகம் முழுதாகத் தெரிந்ததாம்; மூக்கின் ஈரம், வாயோரத்து நரை, சின்னக் கண். மார்பைப் புதர் மறைத்திருந்தது. பின்னாலிருந்து பெரியவர், சுடு, சுடு என்று கிசுகிசுத்தார்.

“சுட்டிருக்கலாமுங்கப்பா. தப்பவே தப்பாது. வெரலு விசை மேலதான் இருந்துச்சு. நீங்க சொன்னதுதான் காதுல கேட்டுட்டே இருந்துச்சு.”

கரடி காற்றை மோந்து பார்த்ததாம். தலையை ஆட்டியதாம். பிறகு நாலு காலில் இறங்கி, வந்த வழியே போகத் திரும்பியது. பக்கவாட்டில் முழு உடம்பும் தெரிந்த அந்தக் கணத்தில் முன்னங்காலுக்குப் பின்னால் ஒன்று, விழுவதற்குள் இன்னொன்று. அவ்வளவுதான்.

அப்பா முன்னால் சாய்ந்தார். “மூஞ்சி?”

“ஒரு கீறல் இல்லீங்கப்பா. பக்கத்துல போயி கையால தடவிப் பாத்தனுங். அப்படியே இருந்துச்சு. தூங்கற மாதிரி.” அவன் குரல் உடைந்தது. “அதத் தொட்ட கையால உங்கள ஒருநாளும் தொட்டதில்லீங்களேப்பா. அன்னிக்கு உங்கள விட்டுட்டு ஓடிட்டனுங். அதுக்குத்தான எம்பட மூஞ்சில முழிக்க மாட்டீங்கறீங்க.”

நடுத்தர வயது தாண்டியவன், குழந்தை மாதிரி விம்மினான். ஸ்பீக்கரில் அது கட்டில் முழுவதும் அதிர்ந்தது. அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நெற்றி, கன்னம், கண் இருந்த இடம், எல்லாவற்றையும் விசேஷ வீட்டுக்குப் புறப்படுகிறவர்போல நிதானமாகத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “வீடியோவப் போடு” என்றார்.

நான் தடுமாறிக்கொண்டு பட்டனை அழுத்தப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“மூலைல ஒரு சின்னக் கட்டம் வருமே. அதுல எம்பட மூஞ்சி தெரியுது. அத வெரல வெச்சு மறச்சுக்க. என்னால அதத்தான் பாக்க முடியல சாமி. அவன எதுக்கு நான் பாக்காம இருக்கறேன்?”

இத்தனை வருஷம் கூடவே இருந்து, ஒரே வாசலில் படுத்தெழுந்து, எனக்கு இது தோன்றவில்லை. ஸ்கோப்பில் எத்தனை மடங்கு தெரிய வேண்டும் என்று ஒரு கண்டத்துக்கு அப்பால் இருப்பவனோடு சண்டை போட்டவன் நான். கட்டைவிரலை அந்த மூலையில் அழுத்தி வைத்துக்கொண்டு போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

தம்பி திரையில் வந்தான். தொப்பியில் பனி, புருவத்தில் அரைவட்டத் தழும்பு. அப்பாவைப் பார்த்தான். பார்வையை எடுக்கவே இல்லை. அப்பா ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு போனுக்கு அருகில் குனிந்தார்.

“தாடியெல்லாம் நரச்சுப் போச்சே சாமி உனக்கு” என்றார். “சோறு உண்டயா?”

அவர்கள் வெகுநேரம் பேசினார்கள். கட்டைவிரல் மரத்துப்போயிற்று. நான் எடுக்கவில்லை.